கட்டுக்கரைக் குளம் எப்போது தாங்கியாயிற்று?

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் நாளிதழின் விளம்பரப் பக்கத்தில் இரு வாரங்களுக்கு முன்னர் வெளியான ஒரு கேள்வி (ரெண்டர்) அறிவித்தலில், மன்னார் மாவட்டத்தின் கட்டுக்கரைக் குளம் ‘இராட்சதத் தாங்கி’ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் அக்குளத்துக்கு ‘ஜயன்ற்ஸ் ராங்க்’ (Giant's Tank) என்று பெயர். அதை மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறார். இதைப் படித்து நானும் என் அயலவர்கள் சிலரும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம். ஆனால் சென்ற வாரம் இதே கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் அம்மொழிபெயர்ப்பை ஆதரித்து எழுதியிருந்தார். ‘ராங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லே நமது ‘தாங்கு’ என்னும் வினையடியிலிருந்து போனதுதான், ஆகையால் குளத்தைத் தாங்கி என்பது தாய்வீடு திரும்பிய சொல்லை வரவேற்பது போன்றது என்பது அவர் வாதம். அன்னாரின் தமிழ்ப் பற்றை நான் மதிக்கிறேன். எனினும் முப்பது ஆண்டுகள் இங்கு ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், அந்தச் சொல்லின் வரலாறு அவர் எண்ணுவதைவிடச் சிக்கலானது என்பதை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் இச்சொல் வழங்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய வணிகர் முதலில் காலூன்றிய இடங்களுள் ஒன்று குஜராத்தின் சூரத்துத் துறைமுகம். அப்பகுதிகளில் மழைநீரைச் சேமிப்பதற்காக வீட்டின் அடியிலோ முற்றத்திலோ கட்டப்படும் நிலவறைத் தொட்டிக்கு ‘டாங்கா’, ‘டாங்கு’ என்பன போன்ற பெயர்கள் உண்டு. ராஜஸ்தானின் பாலைநிலக் கிராமங்களில் இன்றும் அந்தத் தொட்டியும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. இதனை வடமொழித் ‘தடாக’த்தோடு தொடர்புபடுத்துவோரும் உளர். மறுபுறத்தில், ஆங்கிலேயருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அக்கரைகளுக்கு வந்துவிட்ட போர்த்துக்கேயரின் மொழியிலே ‘தாங்க்கே’ என்ற சொல் குளத்தையும் நீர்த்தொட்டியையும் குறித்தது. அது ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துதல் என்ற பொருளுடைய ‘எஸ்தாங்கார்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஸ்பானிய மொழியில் குளத்தைச் சுட்டும் ‘எஸ்தாங்கே’, பிரெஞ்சு மொழியில் அதே பொருளில் வழங்கும் ‘எத்தாங்’ ஆகியனவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. குஜராத்திச் சொல் போர்த்துக்கேயரின் வாயில் ஏறியதா, போர்த்துக்கேயச் சொல் குஜராத்தில் இறங்கியதா, அல்லது தொடர்பில்லாத இரு சொற்கள் ஒரே பொருளோடும் ஏறக்குறைய ஒரே ஒலியோடும் ஒரு துறைமுகத்தில் சந்தித்துக்கொண்டனவா என்ற கேள்வியை, 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியே விரிவாக எடுத்து ஆராய்ந்திருக்கிறது. வழக்கு இன்றளவும் ஒருபக்கமாகத் தீர்ந்துவிடவில்லை. மூன்றாவது பேச்சு எனக்கு உவப்பாக இருக்கிறது என்றாலும், உவப்பு சான்றாகாது.

இந்த வழக்கிலே தமிழுக்கு இடமே இல்லையா என்று கேட்டால், வாசகர் அன்பர் கவனிக்கத் தவறிய ஒரு சான்றை நானே எடுத்துத் தருகிறேன். தொண்டைமண்டலத்தில் சிறிய ஏரிகளுக்குத் ‘தாங்கல்’ என்ற பெயர் உண்டு. சென்னைக்கு அருகே பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எனும் ஊர்ப்பெயர்களிலே அது இன்றும் நிற்கிறது. தாங்கு என்ற வினையடியிலிருந்து நீர்நிலைக்கு ஒரு பெயர் பிறக்கக்கூடும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனாலும் பிறக்கக்கூடும் என்பது வேறு, அதுவே சூரத்துக்கும் லிஸ்பனுக்கும் போய் இலண்டனை அடைந்தது என்பது வேறு. அந்தப் பயணத்துக்கு வழித்தடம் வேண்டும். எந்த ஏட்டில், எந்த ஊரில், யாருடைய கையெழுத்தில் அச்சொல் இடம் மாறியது என்று காட்ட வேண்டும். ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு புறப்பட்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு யாழ்ப்பாணத்து வீடுகளிலேயே உதாரணம் இருக்கிறது. நாம் உட்காரும் ‘வாங்கு’ காசு கொடுத்து வாங்கியதால் அப்பெயர் பெற்றதன்று. போர்த்துக்கேயரின் ‘பாங்கோ’ அது. நாற்காலிக்கு நாம் சொல்லும் ‘கதிரை’ என்பதைக் கேட்கும் தமிழ்நாட்டு நண்பர் யாரோ நெற்கதிரை அல்லது ஞாயிற்றின் கதிரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பார். அதுவும் அவர்களுடைய ‘கதெய்ரா’. 1619 முதல் 1658 வரை நாற்பது ஆண்டுகள்கூட முழுமையாக ஆளாதவர்கள் நம் வீட்டுத் தளபாடங்களுக்கு இவ்வளவு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவை தமிழ்ச் சொற்களைப் போலவே ஒலிப்பதற்குக் காரணம், நம் முன்னோர் அவற்றைத் தமிழ் நாவுக்கு ஏற்ப இழைத்துக்கொண்டமைதான்.

தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்கள் இல்லாமல் இல்லை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் போன பாதை ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். இந்த விவாதத்துக்கு இன்னும் நெருக்கமாக, ‘அனிக்கட்’ என்று இலங்கையிலும் இந்தியாவிலும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுதும் சொல் நமது ‘அணைக்கட்டு’. கட்டுக்கரைக் குளத்துக்கு அருவி ஆற்றின் நீரைத் திருப்பிவிடும் அணைக்குப் பெயர் தேக்கம் அணைக்கட்டு என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். போர்த்துக்கேயரின் ‘தாங்க்கே’ என்ற சொல்லுக்குப் பொருளளவில் நேர் இணை தேடுவோமாயின், அது தாங்கி அன்று, நீரைத் தடுத்து நிறுத்துவது என்ற அதே கருத்தில் பிறந்த ‘தேக்கம்’. அந்தப் பெயர் அந்தக் குளத்தின் வாசலிலேயே நிற்கிறது. மொழிபெயர்த்தவர் அகராதியை மூடிவிட்டு மன்னாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் போதும்.

இனி அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள்ளே எப்படியெல்லாம் கிளைத்தது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் தாங்கி என்ற நமது சொல் எந்தக் கிளைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது அதிலேதான் தெளிவாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த ஆங்கிலேயர் ஏரியையும் குளத்தையும் அச்சொல்லாலேயே அழைத்தனர். இங்கிலாந்தில் வாழ்ந்தவர்களுக்கோ அது நாளடைவில் மரத்தாலோ இரும்பாலோ செய்த பெரிய கொள்கலமாகச் சுருங்கியது. ஆகவே இலங்கையின் பழைய நீர்ப்பாசன அறிக்கைகளை இன்று படிக்கும் ஆங்கிலேயர் ஒருவர், ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரந்து கிடக்கும் ஒரு ‘ராங்க்’ என்ற தொடரைக் கண்டால் ஒரு கணம் திகைக்கத்தான் செய்வார். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கத்திலும் கால்நடைகளுக்காக நிலத்தைத் தோண்டி அமைக்கும் குட்டைக்கு இப்பெயர் உண்டு. மற்றெங்கும் அது கொள்கலமே. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, மலக்கழிவுக் குழி, வாகனத்தின் எரிபொருட் கொள்கலம், எண்ணெய்க் கப்பல் என்று அது விரிந்தது. முற்காலத்தில் நீச்சல் தடாகத்தையும் அப்படி அழைத்தார்கள். இளைஞர் அணியும் கையில்லாத மேற்சட்டையின் ஆங்கிலப் பெயரான ‘ராங்க் ரொப்’பில் அந்தப் பழைய வழக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டார் ‘நீச்சல் குளம்’ என்று சொல்வதை நாம் ‘நீச்சல் தடாகம்’ என்கிறோம் என்பதையும், அந்தத் தடாகத்தை இந்தச் சொல்லின் பாட்டனாகச் சிலர் கருதுவதையும் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கொள்கை வகுப்பதற்காகக் கூடிச் சிந்திக்கும் நிபுணர் குழுவுக்கும் ஆங்கிலத்தில் ‘திங்க் ராங்க்’ என இந்தச் சொல் ஒட்டிய பெயரே உண்டு. அத்தொடர் முதலில் மனிதனின் தலையைக் கேலியாகக் குறித்தது. நல்ல வேளையாக நமது மொழிபெயர்ப்பாளர்கள் அதைச் ‘சிந்தனைத் தாங்கி’ ஆக்காமல் சிந்தனைக் குழாம் என்று வைத்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் எதிர்பாராத கிளை போர்க்கருவிதான். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளையும் முட்கம்பி வேலிகளையும் தாண்டிச் செல்லக்கூடிய கவச ஊர்தி ஒன்றைச் செய்வதற்காக, அப்போது பிரித்தானியக் கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் 1915 பெப்ரவரியில் ஒரு குழுவை அமைத்தார். கடற்படையின் பொறுப்பில் நடந்த வேலையாகையால் அந்த ஊர்தியை முதலில் ‘தரைக்கப்பல்’ என்றே அழைத்தனர். லிங்கன் நகரில் வேளாண் இயந்திரங்கள் செய்துவந்த தொழிற்சாலை ஒன்றில் அது உருவாயிற்று. ஆனால் தரைக்கப்பல் என்ற பெயரைக் கேட்ட எவருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்பது விளங்கிவிடும். ஆகவே 1915 டிசம்பரில், அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான எர்னஸ்ற் சுவின்ரனும் உடனிருந்தவர்களும் சந்தேகம் எழுப்பாத ஒரு பெயரைத் தேடி, இறுதியில் நீர்க்கொள்கலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். மெசப்பொத்தேமியாவின் பாலைவனத்துக்கு நீர் கொண்டுசெல்லும் கலங்கள் என்றும், பின்னர் ரஷ்யாவுக்கு அனுப்பப்படும் கலங்கள் என்றும் கதை கட்டப்பட்டது. பெற்றோகிராட் நகருக்கு, கவனமாகக் கையாளவும் என்று அவற்றின் மீது ரஷ்ய எழுத்துகளில் எழுதியும் வைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சொம் போர்க்களத்தில், பிளேர்ஸ் என்ற கிராமத்தின் அருகே அவை முதன்முதலாக வெளிப்பட்டபோது இரகசியம் முடிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஜேர்மானியர் அதே கருவிக்குக் கவசம் என்ற பொருளுடைய ‘பன்சர்’ என்ற சொல்லைக் கொண்டனர். நாம் சில வேளைகளில் எழுதும் ‘கவச வாகனம்’ அந்த வழியைச் சேர்ந்தது. ‘யுத்த தாங்கி’ ஆங்கிலேயரின் பொய்யை நம்பி வைத்த பெயர்.

அந்தப் பொய் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் ஒருமுறை பலித்தது. யாழ்ப்பாணப் பேச்சில் ரீ, ரயர், ரிக்கற் என்பன போல இச்சொல்லையும் ‘ராங்கி’ என்றே சொல்வோம்; எழுதும்போதுதான் தாங்கி ஆக்குவோம். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படையின் யுத்த தாங்கிகள் குடாநாட்டுக்குள் நகர்ந்தபோது, “ராங்கி வருகுதாம்” என்று ஒழுங்கையில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானோம். என் தங்கையின் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குத் தெரிந்த ராங்கி, பின்வளவில் நான்கு தூண்களின் மேல் நின்ற சீமெந்துத் தொட்டி மட்டுமே. “ஆற்றை (யாருடைய) வீட்டு ராங்கி, மாமா?” என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி கால் முளைத்துத் தெருவில் வருவதாக அவள் எண்ணியிருக்கிறாள் என்பது அன்றிரவு கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. சுவின்ரன் அந்தப் பெயரைத் தேர்ந்தது எதிரியின் ஒற்றர்கள் அப்படி எண்ண வேண்டும் என்பதற்காகவே.

தாங்கி என்ற சொல்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஒலியும் பொருளும் ஓரளவு ஒத்துவந்த நல்ல தமிழாக்கம் அது. நமது தமிழிலே அதற்கு ஏற்கெனவே பல வேலைகள் இருக்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகத் தெருவோரத்தில் நம் முன்னோர் நட்ட சுமைதாங்கி, கூரை உச்சியில் நிற்கும் இடிதாங்கி, பாடசாலை ஆய்கூடத்தில் இருக்கும் பரிசோதனைக் குழாய்த் தாங்கி ஆகியவற்றில் அது ஒரு பாரத்தையோ தாக்கத்தையோ ஏற்று நிற்பதைச் சுட்டுகிறது. நீர்த்தாங்கியில் தாங்குவது தொட்டியா, அதன் கீழே நிற்கும் தூண்களா என்று இலக்கண வம்பு பேசலாம். பேச வேண்டியதில்லை, வழக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது. திருகோணமலையின் 99 எண்ணெய்த் தாங்கிகள் என்று செய்திகளில் படிக்கும்போது எவருக்கும் எந்தக் குழப்பமும் ஏற்படுவதில்லை. கோடையில் தீவகத்துக்கு நீர் ஏற்றிச் செல்லும் வண்டியைத்தான் நாம் தாங்கி என்று சொல்வதில்லை, அது ‘பவுசர்’. அமெரிக்காவின் போர்ட் வெயின் நகரில் 1885இல் மண்ணெண்ணெய்ப் பம்பி ஒன்றைச் செய்து விற்ற சில்வேனஸ் பௌசர் என்பவரின் குடும்பப் பெயர் நெடுந்தீவுவரை வந்து சேர்ந்தது தனியே எழுத வேண்டிய கதை.

ஆனால் குளத்தைத் தாங்கி என்று எழுதும்போது ஒரு சொல் மட்டும் மாறுவதில்லை. குளம் என்று சொன்னால் அதனோடு குளக்கட்டு வருகிறது, அலைகரை வருகிறது, நீரைத் திறந்துவிடும் துருசு வருகிறது, மிகுநீர் வழிந்தோடும் வான் வருகிறது, குளத்தின் கீழ் வயல் வருகிறது. இரணைமடுக் குளம் வான் பாய்கிறது என்ற செய்தி வந்தால் கிளிநொச்சிக் கமக்காரர் தமது வாய்க்காலையும் வரம்பையும் நினைப்பார், யாழ்ப்பாணத்தவர் குடும்பத்தோடு போய்ப் பார்க்க வாகனம் பிடிப்பார். ‘தாங்கி வான் பாய்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். மோட்டரை நிற்பாட்டச் சொல்லித்தான் வீட்டில் சத்தம் கேட்கும். நான் குறிப்பிட்ட அறிவித்தலிலேயே ‘தாங்கியின் கரைச்சுவரை உயர்த்துதல்’ என்றும் ‘நீர் வெளியேற்றுக் கதவு’ என்றும் எழுதியிருந்தமை, முதற்சொல் பிசகியதால் அடுத்தடுத்த சொற்களும் எப்படிப் பிசகின என்பதைக் காட்டுகிறது. குளக்கட்டு என்று எழுதியிருந்தால், அந்த வேலையை எடுத்துச் செய்யக்கூடிய ஒப்பந்தகாரர் எவரும் அது மண்ணால் ஆன அணையென்று முதல் வரியிலேயே அறிந்திருப்பார். கரைச்சுவர் என்றதைப் பார்த்துக் கல்லும் சீமெந்தும் கணக்குப் பார்த்தவர் யாரேனும் இருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இதில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. சிங்களத்தில் அக்குளத்துக்கு ‘யோத வெவ’ என்று பெயர். அந்த மொழி வெவ என்பதையும் டாங்கிய என்பதையும் ஒருபோதும் குழப்புவதில்லை. வெவ என்பது வடமொழி ‘வாபி’யின் வழியில் வந்தது, மட்டக்களப்பார் தமது களப்பைக் குறிக்கும் ‘வாவி’க்கு அது உடன்பிறப்பு. தமிழிலும் குளம், கேணி, மோட்டை, மடு, தொட்டி, தாங்கி ஆகியவை தனித்தனியே நிற்கின்றன. கீரிமலையில் இருப்பது கேணி, நல்லூரில் இருப்பது யமுனா ஏரி, நகர நடுவில் இருப்பது ஆரியகுளம்; இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்பவரை ஊர்ப் பிள்ளைகளே திருத்துவார்கள். வற்றாத ஆறுகள் இல்லாத, சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த ஒரு குடாநாட்டில் மாரி மழையை நிலத்தடிக்கு இறக்குவன இந்தக் குளங்கள்தாம் என்பதால், அவற்றின் பெயர்களில் நாம் கவனமாக இருப்பதில் வியப்பில்லை. இந்த நாட்டின் மூன்று மொழிகளுள் இவை அனைத்தையும் ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டியது ஆங்கிலம் ஒன்றே. மூன்றிலே இரண்டு மொழிகள் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதை, பிரிக்காத மொழியைப் பார்த்து மொழிபெயர்த்தால் இப்படித்தான் முடியும். ஏ9 வீதியில் மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் என்ற பெயர்ப்பலகைகள் மட்டும் மொழிபெயர்ப்பாளர் எவரின் கையிலும் அகப்படாமல் தப்பியிருக்கின்றன.

வாசகர் அன்பரிடம் ஒரு வார்த்தை. ‘ராங்க்’ என்ற சொல் நாளைக்கே தமிழிலிருந்துதான் போனதென ஒருவர் ஏட்டுச் சான்றோடு நிறுவினாலும், அதனால் கட்டுக்கரைக் குளத்தைத் தாங்கி ஆக்கும் உரிமை நமக்குக் கிடைத்துவிடாது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது அறிஞரின் கேள்வி. இன்று அது எதைக் குறிக்கிறது என்பதை மன்னாரிலே அக்குளத்து நீரால் சிறுபோகம் செய்கின்றவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

தங்கள் நாளிதழ் விளம்பரதாரர் தரும் வாசகத்தை மாற்றும் பொறுப்புடையதன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் குறித்த அறிவித்தலில் கேள்விகளை ஏற்றுக்கொள்ளும் இறுதி நாள் இன்னும் கடக்கவில்லை. அதை வெளியிட்ட அலுவலகத்துக்குத் தாங்கள் ஒரு வரி எழுதினால், குளத்தின் பெயரோடு குளக்கட்டு, துருசு என்ற சொற்களையும் சேர்த்துத் திருத்தம் வெளியிட அவர்களுக்குப் போதிய நாட்கள் இருக்கின்றன.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.